மதுரையச் சுத்தி நடந்தே பரிணாமம் படிக்கிறது எப்படி

பத்தாங்கிளாஸ் சயின்ஸ் புத்தகத்துல பரிணாமத்துக்குன்னு ஒரு பாடம் இருக்கு. பயலுக அதை மனப்பாடம் பண்ணி பரிச்சைல எழுதிட்டு அடுத்த வாரமே மறந்துர்றாய்ங்க, ஒட்டகச்சிவிங்கி கழுத்து மட்டும் மனசுல நிக்குது, அதுவும் தப்பாத்தான் நிக்குது. எனக்கு இது பெரிய வருத்தம். உயிரியல்ல வேற எந்தப் பாடம் வெளங்கணும்னாலும் இதுதான் அடி, இது இல்லாட்டி மத்ததெல்லாம் வெறும் பேர்ப் பட்டியலாப் போயிரும். இதைப் படிக்க லேபும் வேணாம், மைக்ராஸ்கோப்பும் வேணாம். நம்ம ஊரச் சுத்தி இருக்கற மலை, கண்மாய், வயக்காடு, கறிக்கடை, கொல்லைல நிக்கற கறிவேப்பிலைச் செடி, இதுவே போதும். பிள்ளைகளோட உக்காந்து செய்யற அப்பா அம்மாவுக்கும், டீச்சர்மாருக்கும், தனியாப் படிக்கறவங்களுக்கும் சேத்துத்தான் எழுதறேன். ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், போன் கேமரா எடுத்துக்கங்க.

முதல் வேலைய வீட்டுக்குள்ளயே பண்ணிரலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டவச்சு மணிக்கட்டை லேசா உள்பக்கம் மடக்குங்க. மணிக்கட்டுக்கு நடுவுல ஒரு நரம்பு மாதிரி எந்திரிச்சு நிக்கும், அது நரம்பில்ல, தசைநாண், அதாவது தசைய எலும்போட இணைக்கற நார். நிறையப் பேருக்கு இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது, சிலருக்கு ஒரு கைல மட்டும் இருக்கும். வீட்டுல, தெருவுல எல்லாருக்கும் பாத்து நோட்டுல எழுதுங்க, யாருக்கு யாரு என்ன உறவுன்னும் பக்கத்துலயே குறிச்சுக்கங்க. இல்லாதவங்களுக்கு கைப்பிடில பெருசா ஒண்ணும் குறைஞ்சுறாது, அதனால யாரும் பயப்பட வேணாம். அடுத்து பைபாஸ் ரோட்டு ஓரமோ ரயில்வே லைன் ஓரமோ போயி எருக்கஞ்செடியப் பாருங்க, ஊதாப் பூ எத்தனை செடி, வெள்ளைப் பூ எத்தனை செடின்னு எண்ணுங்க. அப்புறம் ஒரு ஆட்டுக் கிடைல நின்னு காது நீளம், கொம்பு வளைவு, நிறம் எல்லாம் பாருங்க. கிடைக்காரர் ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியா அடையாளம் சொல்லுவாரு, நமக்குத்தான் எல்லாம் ஒண்ணாத் தெரியும்.

இந்த ஒரு விசயம் மனசுல ஏறிட்டா பாதி வேலை முடிஞ்சது. ஒரே சிற்றினத்துக்குள்ள, அதாவது ஆடுன்னா ஆடு, எருக்குன்னா எருக்குன்னு ஒரே வகை உயிருக்குள்ள, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. பரிணாமம் நடக்கறது தனி உயிர்ல இல்ல, கூட்டத்துல. ஒரு ஆடு தன் ஆயுசுல பரிணாமம் அடையாது, கிடை அடையும், அதுவும் தலைமுறை கடந்துதான்.

ஆனா எல்லா வித்தியாசமும் கணக்குல வராது. ஒரே வேப்பமரத்துல நிழல்ல இருக்கற இலை அகலமாவும் வெயில்ல இருக்கறது சின்னதாவும் இருக்கலாம், அது மரபுல வந்ததில்ல, ஒரே மரம்தானே. அலங்காநல்லூர்ல காளைய அணையறவரோட புஜம் பயிற்சில ஏறினது, அது அவரு பிள்ளைக்கு அப்படியே எறங்காது. அப்பா அம்மாகிட்டருந்து பிள்ளைக்குப் போற வித்தியாசம் மட்டும்தான் நமக்கு வேணும். பிள்ளைகளுக்கு இந்த எடத்துல கொஞ்சம் நேரம் குடுங்க, ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பாத்ததால கழுத்து நீண்டுச்சுங்கற தப்பு இங்கதான் ஒட்டிக்குது. எட்டிப் பாத்து நீளல, கழுத்து நீளத்துல ஏற்கனவே வித்தியாசம் இருந்துச்சு, நீளமா இருந்ததுக கூடக் குட்டி போட்டுச்சுக, அந்தக் குட்டிகளுக்கும் நீளமா வந்துச்சு.

இனி கறிவேப்பிலைச் செடிக்கு வாங்க. இது மேல எனக்கு ரொம்பப் பிரியம், ஏன்னா எது தங்கும், எது போகும்னு இயற்கையே பிரிக்கற இயற்கைத் தேர்வோட எல்லாப் பகுதியும் ஒரே செடில கண்ணு முன்னாடி நடக்கும். மழை பெஞ்சு புதுத் துளிர் வந்ததும் கருப்பா வெள்ளைப் புள்ளி வச்ச பட்டாம்பூச்சி ஒண்ணு செடியச் சுத்தும், காமன் மார்மன்னு பேரு, அறிவியல் பேரு பாப்பிலியோ பாலிடெஸ். பொட்டைப் பூச்சி காலால இலையத் தொட்டு ருசி பாத்துட்டு துளிர்ல ஒவ்வொரு முட்டையா வச்சுட்டுப் போகும். பொரிச்சு வர்ற புழு மொதல்ல பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பழுப்பும் வெள்ளையுமா, அம்மாமாரு நிறையப் பேரு எச்சம்னு நினைச்சு அலசி விட்ருவாங்க. வளர வளர தோலை உரிச்சுட்டு கடைசில பச்சை நிறத்துக்கு மாறிரும். லேசாத் தொட்டுப் பாருங்க, தலைக்குப் பின்னாடிருந்து சிவப்பா கவட்டை மாதிரி ஒண்ணு வெளிய நீட்டும், ஒரு நெடி அடிக்கும்.

இப்ப சோதனை. முட்டையோ குட்டிப் புழுவோ இருக்கற ரெண்டு கிளையத் தேர்ந்தெடுங்க. ஒண்ணை கொசுவலைத் துணியால தளர்வா மூடி அடில கட்டிருங்க, எறும்பு ஏறாத மாதிரி. இன்னொண்ணை அப்படியே விடுங்க. தினமும் காலைல ரெண்டுலயும் எத்தனை புழு இருக்குன்னு எண்ணி எழுதுங்க. மூடின கிளைல பெரும்பாலும் கூட்டுப்புழு வரைக்கும் வந்துரும், இலை தீந்துச்சுன்னா வேற கிளைக்கு மாத்தி விடுங்க. திறந்த கிளைல நாளுக்கு நாள் எண்ணிக்கை குறையும், சிலந்தி எடுக்கும், எறும்பு தூக்கும், தவிட்டுக்குருவி கொத்தும், குளவி உள்ளுக்குள்ள முட்டை வச்சுட்டுப் போயிரும். பிள்ளைகளுக்கு இது பாவமாத்தான் இருக்கும், இருக்கட்டும், அந்த எண்ணிக்கைதான் பாடமே.

அந்த நோட்ட வச்சு ஒரு கேள்வி கேளுங்க. ஒரு பொட்டைப் பூச்சி அத்தனை முட்டை வச்சும் ஊருக்குள்ள பட்டாம்பூச்சி எண்ணிக்கை ஏன் வருசா வருசம் பல மடங்கு ஏறிப் போகல? எண்ணிக்கை ஏறாம இறங்காம இருக்கணும்னா ஒரு ஜோடிக்கு சராசரியா ரெண்டே ரெண்டு பிள்ளைகதான் பெருசாகி அடுத்த தலைமுறைய உண்டாக்க முடியும், மத்தது அத்தனையும் வழில போயிருது. மால்தஸ்ங்கற பொருளாதார அறிஞர் மக்கள்தொகை பத்தி எழுதினதைப் படிச்சுட்டு டார்வின், வாலஸ்ங்கற ரெண்டு இங்கிலாந்து இயற்கை ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியா இந்த எடத்துக்குத்தான் வந்து சேந்தாங்க. 1858 ஜூலை 1ம் தேதி லண்டன்ல லின்னேயன் சொசைட்டிங்கற அறிவியல் சங்கத்துல ரெண்டு பேரு எழுத்தையும் சேத்து வாசிச்சாங்க, அடுத்த வருசம் 1859ல டார்வினோட புத்தகம் வந்துச்சு. வழில போறதுக்கும் தங்கறதுக்கும் நடுவுல அதிர்ஷ்டம் நிறைய இருக்கு, கிளை ஒடிஞ்சு விழுந்தா நல்ல புழுவும் செத்துரும், கூட்டம் சின்னதா இருந்தா இந்த அதிர்ஷ்டமே கூட்டத்தோட போக்க மாத்திரும். ஆனா எச்சம் மாதிரி கொஞ்சம் கூடுதலாத் தெரியற புழுவ பறவை கொஞ்சம் குறைவாக் கொத்துதுன்னு வச்சுக்கங்க, அந்தக் கொஞ்சம் ஆயிரக்கணக்கான தலைமுறைல சேந்துக்கிட்டே போகும். வித்தியாசம் இருக்கணும், அது பிள்ளைக்குப் போகணும், பொறக்கறது எல்லாம் தங்காம இருக்கணும், தங்கறது அந்த வித்தியாசத்தைப் பொறுத்து இருக்கணும். இந்த நாலும் கூடிட்டா இயற்கைத் தேர்வு நடந்தே தீரும், யாரும் நடத்த வேண்டியதில்ல.

இதே பட்டாம்பூச்சில இன்னொரு அதிசயம் இருக்கு. மூடின கிளைல வளந்ததுக வெளிய வரும்போது போட்டோ எடுத்து வைங்க. ஆண் எல்லாம் ஒரே மாதிரி, கருப்பு, பின்றெக்கைல வெள்ளைப் புள்ளி வரிசை. பொட்டை மூணு தினுசுல வரும். ஒண்ணு ஆண் மாதிரியே இருக்கும், இன்னொண்ணு காமன் ரோஸ்ங்கற வேற பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும், மூணாவது கிரிம்சன் ரோஸ் மாதிரி சிவப்பு தூக்கலா இருக்கும். ரோஸ் ரெண்டும் ஆடுதீண்டாப்பாளையத் தின்னு வளர்றதால உடம்புல விசம், ஒரு தடவை கொத்தின பறவை அடுத்து அந்தப் பக்கம் போகாது. மார்மனுக்கு விசம் கிடையாது, வேசம் மட்டும்தான், ஆனா அந்த வேசம் உயிரைக் காப்பாத்துது. அப்ப எல்லாப் பொட்டையும் ஏன் வேசம் போடலன்னு பிள்ளைக கேக்கும், கேக்கணும். போலி கூடிப்போச்சுன்னா பறவை கொத்திப் பாக்கறது பெரும்பாலும் போலியாவே இருக்கும், ருசியா இருக்கும், அப்புறம் எதுக்குப் பயப்படும்? போலி குறைவா இருக்கற வரைக்கும்தான் வேசத்துக்கு மதிப்பு. இத்தனை தினுசையும் டபுள்செக்ஸ்ங்கற ஒரே ஜீன் மாத்திக் குடுக்குதுன்னு கிருஷ்ணமேக் குண்டேங்கற ஆராய்ச்சியாளரும் கூட சிலரும் 2014ல கண்டுபிடிச்சாங்க. நம்ம குழம்புல போடற இலையத் தின்னு வளர்ற பூச்சி இது, இதை விடப் பக்கத்துல ஒரு பாடம் கெடைக்குமா?

மனுசனே தேர்வு பண்றதையும் காட்டுங்க, அது சுலபமா வெளங்கும், டார்வினே புத்தகத்துல அங்கருந்துதான் ஆரம்பிக்கறாரு. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாம் நம்ம தென்மாவட்டத்து நாய்க. மொசல் விரட்ட ஒல்லியா நீளக்காலா வேணும்னு தலைமுறை தலைமுறையா அப்படிப்பட்டதையே சேத்துவிட்டு சிப்பிப்பாறைய உண்டாக்கினாங்க. ராஜபாளையத்துல வெள்ளை வெள்ளைன்னு தேடினதுல காது கேக்காத குட்டிகளும் கூடவே வந்துச்சு, ஒண்ணத் தேர்ந்தெடுத்தா அதோட ஒட்டிக்கிட்டு இன்னொண்ணும் வரும். மதுரை மல்லி இதுக்கு நேர் எதிரான பாடம். 2013ல புவிசார் குறியீடு வாங்கின பூ அது, ஆனா விதை போட்டு யாரும் வளக்கறதில்ல, குச்சி வெட்டிப் பதியம் போட்டுத்தான் நடறாங்க, அப்ப ஒரு தோட்டத்துச் செடி எல்லாம் மரபுல கிட்டத்தட்ட ஒண்ணேதான். வித்தியாசமே இல்லாத எடத்துல தேர்வுக்கு வேலை இல்ல, ஒரு நோய் ஒரு செடியச் சாய்ச்சா அத்தனையையும் சாய்க்கலாம்.

நாம நெனைக்காமலே பண்ற தேர்வுதான் இன்னும் முக்கியம். சோழவந்தான், மேலூர்ப் பக்கம் பெரியாறு தண்ணி பாயற வயல்ல களையெடுக்கற அக்காமாருகிட்ட கேட்டுப் பாருங்க, குதிரைவாலி சாதிக் களை ஒண்ணு நெல்லு நாத்து மாதிரியே நிக்கும், கதிர் வர்ற வரைக்கும் பழகின கண்ணே ஏமாறும். காரணம் நாமதான். நூத்துக்கணக்கான வருசமா கைல களை பறிக்கும்போது வித்தியாசமாத் தெரிஞ்சதை எல்லாம் புடுங்கி எறிஞ்சோம், நெல்லு மாதிரி இருந்தது தப்பிச்சு விதை விட்டுச்சு. கொசு மருந்துக்குக் கொசு சாகாமப் போறதும் இதே கணக்குதான். ஆன்டிபயாட்டிக் விசயத்துல இது உயிர்ப் பிரச்சினை. கிருமி மருந்தைப் பாத்துக் கத்துக்கறதில்ல, கோடிக்கணக்குல இருக்கற கிருமில ஏதோ சிலதுக்கு மருந்தைத் தாங்கற மாற்றம் தற்செயலா முன்னாடியே இருக்கும், மத்தது செத்ததும் எடம் முழுக்க அதுகளுக்கு. டிபி மருந்தைப் பாதில நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் அவ்வளவு கண்டிப்பாச் சொல்றது இதனாலதான், சளிக்கு மெடிக்கல்ல நாமளா கேட்டு வாங்கித் திங்கறதும் ஆபத்து. இதை மட்டும் ஒரு பிள்ளை வெளங்கிக்கிட்டாலே பாடம் வீண் போகல.

அடுத்து ஞாயித்துக்கிழமை கறிக்கடை. கோழி றெக்கை முழுசா வாங்குங்க, வேகவச்சு சதைய எடுத்துட்டு எலும்பை வரிசையா ஒரு தட்டுல அடுக்குங்க. தோள்லருந்து ஒரு எலும்பு, அதுக்குக் கீழ பக்கத்துப் பக்கத்துல ரெண்டு எலும்பு, அப்புறம் மணிக்கட்டு, கடைசில ஒட்டிப்போன விரல் எலும்புக. இப்ப உங்க கையத் தடவிப் பாருங்க. முழங்கைக்கு மேல ஒண்ணு, கீழ ரெண்டு, மணிக்கட்டு, விரல். அதே வரிசை! அப்புறம் ஆட்டுக்கால், முன்னங்காலாக் கேட்டு வாங்குங்க. ஆட்டுக்கு முன்னங்கால்ல முட்டின்னு நாம நினைக்கறது முட்டியே இல்ல, அது மணிக்கட்டு. பின்னங்கால்ல பின்பக்கமா மடங்கற எடம் கணுக்கால். நிசமான முட்டி மேல வயித்தை ஒட்டி இருக்கு. பாயாவுக்குப் போடற அந்த நீள எலும்பு நம்ம உள்ளங்கைல நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போற ரெண்டு எலும்பு சேந்து ஒண்ணானது, அடி முனையப் பாருங்க, ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். குளம்பு ரெண்டும் அந்த ரெண்டு விரலோட நகம். பின்னாடி ஒசக்கத் தொங்கற சின்னக் குளம்பு ரெண்டும் பக்கத்து விரலுக மிச்சம். ஆடு விரல் நுனில நடக்குதுங்க!

வௌவாலுக்கும் இதே எலும்பு வரிசைதான், விரல் மட்டும் குடைக்கம்பி கணக்கா நீண்டு நடுவுல தோலு. பெரிய மரத்துல பழந்தின்னி வௌவால் தொங்கும், தூரத்துல நின்னு பாருங்க, தொடவோ எடுக்கவோ கூடாது, கீழ கிடந்தாலும் கூடாது. திமிங்கலத்தோட துடுப்புக்குள்ளயும் இதேதான். பறக்க, ஓட, நீந்த, எழுதன்னு இத்தனை வேலைக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா செஞ்சிருந்தா எலும்பு வரிசை ஒண்ணா இருக்கத் தேவையே இல்ல. பழைய சொத்தை வச்சுக்கிட்டு காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்தி அமைச்சதுதான் இப்படி இருக்கும், அதாவது எல்லாத்துக்கும் ஒரே மூதாதை.

இந்த எடத்துல வகைப்பாட்டை ஆரம்பிங்க, இதுக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்க. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்னு ஏழு வார்த்தைய மொதல்லயே தலைல ஏத்தினா பிள்ளை ஓடிரும். சுவீடன்காரர் லின்னேயஸ் 1735ல இந்த அடுக்கு முறையோட ஆரம்ப வடிவத்தை வெளியிட்டாரு, 1758ல வந்த பத்தாம் பதிப்புலருந்துதான் விலங்குகளுக்கு ரெண்டு சொல்லுப் பேரு நிலைச்சது. மாமரம்னா மேஞ்சிஃபெரா இண்டிகா, மயிலுன்னா பாவோ கிரிஸ்டேட்டஸ், மொத சொல்லு பேரினம், ரெண்டும் சேந்தாத்தான் சிற்றினம். அவருக்கு பரிணாமம் தெரியாது, ஆனா கூட்டத்துக்குள்ள கூட்டம், அதுக்குள்ள இன்னொரு கூட்டம்னு இயற்கைல அடுக்கு இருக்கறது தெரிஞ்சுச்சு. ஏன் அப்படி இருக்குன்னு நூறு வருசம் கழிச்சு டார்வின் சொன்னாரு: அது வம்சாவளி. சிவராத்திரிக்கு ஒரே குலசாமி கோயில்ல கூடறவங்க எல்லாம் பங்காளிக, ஒரு தாத்தா வழில வந்தவங்க ஒரு பந்தி, அந்தத் தாத்தாவோட அண்ணன் வழி இன்னொரு பந்தி, இன்னும் மேல போனா எல்லாருக்கும் ஒரே முப்பாட்டன். உயிர்களோட அடுக்கும் அதேதான், ஆளு பாக்க எப்படி இருக்காருங்கறது கணக்கில்ல, எந்த வழில வந்தாருங்கறதுதான்.

செஞ்சு பாருங்க. கெண்டை மீன், தவளை, பல்லி, காக்கா, அணில், வௌவால், வெள்ளாடு, மனுசன்னு எட்டு பேரை எறங்கு வரிசையா எழுதி, மேல இந்தக் குணங்களை எழுதிக் கட்டம் போடுங்க: முதுகெலும்பு, நாலு கை கால், குட்டியச் சுத்திப் பனிக்குடம், முடியும் தாய்ப்பாலும், இறகு. காக்காவோட றெக்கை கைதான், கோழி எலும்ப அடுக்கினவங்களுக்கு சந்தேகம் வராது. முதுகெலும்பு எட்டுக்கும் இருக்கு. நாலு கை கால் மீன் தவிர ஏழுக்கு. பனிக்குடம் தவளைக்கு இல்ல, மிச்சம் ஆறுக்கு, பல்லிக்கும் காக்காவுக்கும் அது முட்டைக்குள்ள இருக்கும். முடியும் பாலும் கடைசி நாலுக்கு. இறகு காக்காவுக்கு மட்டும், அதனால அது யாரையும் யாரோடயும் சேக்காது. இதை கிளை கிளையா வரைஞ்சா பல்லிக்குத் தவளைய விடக் காக்கா நெருங்கின சொந்தம்னு வரும், வௌவால் பறவைப் பக்கமே போகாது. பிள்ளைக முகத்துல அப்ப ஒரு வெளிச்சம் வரும் பாருங்க! முதலையும் சேத்துக்கிட்டா இன்னும் ஆழம், அதுக்குப் பல்லிய விடப் பறவைதான் நெருக்கம்.

இதுல ஒரே ஒரு விதி: புதுசா வந்து பகிர்ந்துக்கிட்ட குணத்தை வச்சுக் கூட்டம் சேருங்க, இல்லாததை வச்சுச் சேக்காதீங்க. முதுகெலும்பு இல்லாதவைன்னு புழு, நத்தை, நண்டு எல்லாத்தையும் ஒரே பைல போட்டா அது சொந்தம் ஆகாது. மரம்ங்கறதும் அப்படித்தான், பனைக்கு ஆலமரத்தை விட நெல்லும் புல்லும் நெருங்கின சொந்தம், பனை நெல்லு மாதிரி விதைல ஒரே இலை இருக்கற ஒருவித்திலைத் தாவரம்.

தோற்றம் எப்படி ஏமாத்தும்னு காட்ட நாகமலை அடிவாரத்துக்கோ அரிட்டாபட்டிக்கோ போங்க. சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி ரெண்டையும் பாருங்க, ரெண்டும் இலை இல்லாம, தண்ணி சேத்த சதைத் தண்டோட, முள்ளோட நிக்கும். சதுரக்கள்ளி ஆமணக்கு, மரவள்ளி குடும்பம், கீறினா வெள்ளைப் பால் வடியும், அது கண்ணுல பட்டா ஆபத்து, பெரியவங்க மட்டும் கீறிக் காட்டுங்க. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காக் கண்டத்துலருந்து வந்த கேக்டஸ், பால் கிடையாது, அதுக்கு நம்ம பருப்புக்கீரைதான் சதுரக்கள்ளிய விட நெருக்கம். ரெண்டு வேற வேற வம்சம், வறண்ட எடத்துல ஒரே மாதிரி தேர்வு நடந்து ஒரே உருவத்துக்கு வந்திருக்கு.

அரிட்டாபட்டிய தமிழ்நாட்டோட மொதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா 2022 நவம்பர்ல அறிவிச்சாங்க, அங்க டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகுதுன்னதும் ஊரூரா ஜனம் தெரண்டு போராடி 2025 ஜனவரில அந்த ஏலம் ரத்தாச்சு. அந்தப் பாறைகள்ல லகர் வல்லூறும் இருக்கு, ராசாளிப் பருந்தும் இருக்கு. ரெண்டுக்கும் கொக்கி மூக்கு, கூர் நகம், வேட்டை. அண்ணன் தம்பின்னு நினைச்சுத்தான் ரொம்ப நாள் ஒரே கூட்டத்துல வச்சிருந்தாங்க. டிஎன்ஏ பாத்ததுல வல்லூறுக்கு நெருங்கின சொந்தம் பருந்து இல்ல, பச்சைக்கிளி! மீனாட்சி கைல இருக்கற கிளியும் அரிட்டாபட்டிப் பாறை வல்லூறும் ஒரு கிளை, பருந்து தூரத்துக் கிளை. கண்மாய்க்குப் போனா இதுக்கு எதிர்ப்பக்கம் தெரியும். அரிவாள் மூக்கனுக்கு அலகு வளைஞ்ச அரிவாள், கரண்டிவாயனுக்குத் தட்டையான கரண்டி, பாத்தா சம்பந்தமே தெரியாது, ஆனா ரெண்டும் ஒரே குடும்பம், சேத்துல குத்தித் தேடறதுக்கும் தண்ணிய அளைஞ்சு பிடிக்கறதுக்கும் அலகு தனித்தனியாப் பிரிஞ்சு போச்சு. முக்குளிப்பானுக்கு நெருங்கின உறவு பூநாரை. பனைமரத்தைச் சுத்தற உழவாரனுக்கு தகைவிலான் நெருங்கின உறவே இல்ல, பறந்துக்கிட்டே பூச்சி பிடிக்கற பொழப்பு ரெண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டு வந்துருச்சு. பைனாகுலர் இருந்தா நல்லது, இல்லாட்டியும் முக்குளிப்பானும் அரிவாள் மூக்கனும் வெறும் கண்ணுக்கே தெரியும்.

புது சிற்றினம் எப்படி உண்டாகுதுங்கறதுக்கு கொடைக்கானல் போறப்ப சோலை ஓரத்துல நில்லுங்க. சிரிக்கற மாதிரிக் கூவற பழநிச் சிரிப்பான்னு ஒரு குருவி இருக்கு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க நீலகிரில இருக்கறது அதோட உறவு, ஆனா வேற சிற்றினம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெக்க இன்னொண்ணு. மலை உச்சிக் குளிர்ல வாழற குருவி வெக்கையான கணவாய்க்கு எறங்கித் தாண்டாது, பிரிஞ்ச கூட்டம் ஒவ்வொண்ணும் தனியா மாறிக்கிட்டே போயி வேற வேற ஆயிருச்சு.

கடைசில அழகர்கோயில். குரங்கைப் பாத்ததும் யாராச்சும் கேட்டே தீருவாங்க, குரங்குலருந்து மனுசன் வந்தான்னா இன்னும் ஏன் குரங்கு இருக்குன்னு. அந்தக் கேள்விய யாரும் சிரிச்சு ஒதுக்காதீங்க, மனுசன் குனிஞ்சு நிமிர்ந்து வரிசையா நடந்து வர்ற அந்தப் படம் பண்ணின கேடு அது. உங்க பெரியப்பா மகன்கிட்டருந்து நீங்க பொறக்கல, ரெண்டு பேரும் ஒரு தாத்தா வழி, அவரும் இருக்காரு, நீங்களும் இருக்கீங்க. நமக்கும் அழகர்கோயில் குரங்குக்கும் பொதுவான மூதாதை சுமார் 2.5 கோடிலருந்து 3 கோடி வருசத்துக்கு முன்னாடி இருந்துச்சு, சிம்பன்சிக்கும் நமக்கும் சுமார் 60, 70 லட்சம் வருசம்தான். திண்டுக்கல், கரூர்ப் பக்கம் கடவூர் காட்டுல இருக்கற தேவாங்கும் இதே வரிசைல வர்ற சொந்தம், அதுக்குன்னு 2022ல சரணாலயமே அறிவிச்சிருக்காங்க. இதுல யாரும் மேல இல்ல, யாரும் கீழ இல்ல. இன்னைக்கு உயிரோட இருக்கற எல்லாமே அதே அளவு காலம் கடந்து வந்ததுதான், கறிவேப்பிலைப் புழு உள்பட.

ஃபாசில், அதாவது பாறைல பதிஞ்சு போன பழைய உயிர்களோட மிச்சம் பாக்கணும்னு பிள்ளைக கேட்டா யானைமலைல தேட விடாதீங்க, அது பூமிக்கு அடில வெந்து உருமாறின பாறை, அதுல கிடைக்காது. திருச்சி தாண்டி அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலத்துல கடல் இருந்த பூமி, சுருள் சுருளா அம்மோனைட்ங்கற அழிஞ்சு போன கடல் உயிரோட ஓடு கிடைச்ச எடம், அரியலூர் பக்கம் வாரணவாசில அருங்காட்சியகமும் இருக்கு. சாத்தனூர்ல கல்லா மாறின மரம் 18 மீட்டர் நீளத்துல படுத்துக் கிடக்கு. பாக்கலாம், படம் எடுக்கலாம், எதையும் பேத்து எடுக்கக் கூடாது.

எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேட்டா ஐப்பசி மழை விழுந்ததும் ஆரம்பிங்க. அப்ப கறிவேப்பிலை துளிர்க்கும், பட்டாம்பூச்சி கூடும், கார்த்திகை மார்கழில கண்மாய்ல தண்ணியும் வலசை வந்த பறவைகளும் இருக்கும். கைத் தசைநாணும் கோழி றெக்கையும் எந்த மாசமும் செய்யலாம், இந்த ஞாயித்துக்கிழமையே கூட. அரிட்டாபட்டிக்குப் போறவங்க ஊர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க, வல்லூறு எந்தப் பாறைல உக்காரும்னு அவங்களுக்குத்தான் தெரியும், கூடு இருக்கற பக்கம் ஏறவும் வேணாம், சத்தம் போடவும் வேணாம்.